மூடி திறக்குற ஆள்

ஜாடிக்குத்தான வந்துருக்கீங்க? உக்காருங்கம்மா. தரமாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. உக்காருங்கன்னுதான் சொன்னேன். வீடு தேடி வந்த பிள்ளையை வாசல்லயே நிறுத்திப் பேசி அனுப்புற பழக்கம் இந்தத் தெய்வேந்திரனுக்குக் கிடையாது. ஃபேனுக்கு நேரா உக்காருங்க. கொடைக்கானல்ல இருந்து எறங்கி வர்றவங்களுக்கு எங்க பெரியகுளத்து வெக்கை தாங்காது.

என்ன, கேட்டைப் பாக்குறீங்க? பூட்டித்தான் வச்சுருக்கேன். பயப்படாதீங்க, பழக்கம். மில்லுல ஸ்டோர் கீப்பரா இருந்தவன் நான். ஆள் உள்ள வந்தாலும் பூட்டணும், வெளிய போனாலும் பூட்டணும். ஒரு போல்ட்டு காணாமப் போனாக்கூட என் தலைதான் உருளும். ரிட்டயர் ஆகியும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. சாவி இந்தா, சட்டைப்பையிலதான் இருக்கு. போறப்ப நானே திறந்து விடுறேன்.

கஸ்தூரி எப்படி இருக்கா? வேண்டாம், சொல்லாதீங்க. நான் கேக்கல. அவ என்னைப் பத்திக் கேட்டாளா? ம். கேட்டுருக்க மாட்டா. இந்த அநியாயத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கட்டுன புருசன் சாப்பிட்டானா, தூங்குனானான்னு ஒரு வார்த்தை கிடையாது. புளிச்ச மாவு எப்படி இருக்குன்னு ஆள் அனுப்பி விட்டுருக்கா. இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?

இருங்க, எடுத்துட்டு வர்றேன். 

இந்தா. உங்க கண்ணு முன்னாடியே டீப்பாய் மேல வச்சுட்டேன். எப்படிப் பொங்கிருக்குன்னு பாருங்க. மேல வரைக்கும் குமிழ் குமிழா நிக்கிது பாத்தீங்களா? மூடிகூட லேசா உப்பிருக்கு. தகர மூடி. நான் இறுக்கி மூடிருக்கேன். 

கையை எடுங்கம்மா. பாக்குறதுக்குத்தான் வச்சேன். பேசி முடிச்சுட்டு மத்ததைப் பாப்போம். மிக்சர் எடுத்துக்கங்க, ஸ்பூன் போட்டுத்தான் வச்சுருக்கேன். பஸ்சு ஒண்ணும் ஓடிடாது. நாலு மணி வண்டியை விட்டா அடுத்த வண்டி. அவ கதையைத்தான் மலை மேல எல்லாரும் கேட்டுருப்பீங்க. என் கதையை யாராவது கேட்டீங்களா?

கஸ்தூரி நல்லவ. அதைச் சொல்லிடணும். அவ அப்பா தென்கரையில பெட்டிக்கடை வச்சிருந்தாரு. கல்லாவுல அவதான் உக்காந்துருப்பா. முன்னாடி வரிசையா கண்ணாடி ஜாடி. தேன் மிட்டாய், கமர்கட்டு, கடலை உருண்டை. சின்னப் புள்ளைங்க கை நீட்டிக்கிட்டு நிக்கும், இவ ஜாடியை டக்குனு திறந்து டக்குனு மூடி, ஒருத்தருக்கு மிட்டாய், ஒருத்தருக்குச் சில்லறை, பாக்கவே அழகா இருக்கும். சிகரெட்டு வாங்குற சாக்குல நான் நாளைக்கு நாலு தடவை போவேன். எனக்குச் சிகரெட்டுப் பழக்கமே கிடையாதும்மா. வாங்கி வாங்கி ஃப்ரெண்டுக்குக் குடுத்தேன். அப்படி ஆசைப்பட்டுக் கட்டுனவ.

கட்டி வந்த நாள்ல இருந்து ஒரு குறை வச்சதில்ல. வெளி வேலை பூரா நானே பாத்துக்குவேன். காய்கறி நான், ரேசன் நான், பேங்கு நான். போன் அடிச்சா நான்தான் எடுப்பேன். அவளுக்கு ஒரு தொல்லையும் கிடையாது. மகன் சென்னைக்கு வேலைக்குப் போனப்பறம்தான் அவளுக்குக் கைக்கு வேலை இல்லாமப் போச்சு. அங்கதான் ஆரம்பிச்சுச்சு வினை.

போன வருசம் ப்ளம்ஸ் சீசன். பஸ் ஸ்டாண்டுல கூடை கூடையா வந்து எறங்குச்சேன்னு நான்தான் ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்தேன். பாருங்க, இதுக்கும் நான்தான் காரணம். அவ போன்ல ஏதோ வீடியோவைப் பாத்துருக்கா. பழத்தோல் மேல வெள்ளையா பூத்த மாதிரி ஒரு பொடி இருக்குமே, அதுல உசுரு இருக்காம். கோதுமை மாவையும் தண்ணியையும் கலக்கி, அந்தத் தோலைப் போட்டு வச்சு, தெனம் கொஞ்சம் மாவு தண்ணி குடுத்துக்கிட்டே வந்தா அது தானாப் பொங்குமாம். அப்புறம் ஈஸ்ட்டே போடாம அதை வச்சே ரொட்டி சுடலாமாம். சவர்டோன்னு பேரு. உங்களுக்குத் தெரியாததா.

"எதுக்குடி இந்த வேலை? தெருமுக்குலயே பேக்கரி இருக்கே"ன்னு கேட்டேன்.

"இது வேறங்க"ன்னா.

ஒரு நாள் வீடு பூரா ஒரு நாத்தம். எலி செத்துக் கிடக்குன்னு நான் பீரோவை, கட்டிலை எல்லாம் நகர்த்திப் பாத்தேன். கடைசியில பாத்தா இந்த ஜாடி. அடுப்படியில நின்னுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறா. அவ அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. அதனால நானும் ஒண்ணும் சொல்லாம விட்டுட்டேன். எனக்கு இடம் குடுக்கத் தெரியாதுன்னு அவ சொன்னா நம்பாதீங்க.

முதல்ல சுட்ட ரொட்டி இருக்கே, அம்மா தாயே. கத்தி எறங்கல. அரிவாள்மணையில வச்சு அறுத்தோம். நான் டீக்கடையில சும்மா தமாசுக்கு, "வீடு கட்டுறவன் யாராவது இருந்தா சொல்லுங்கப்பா, எங்க வீட்டுல செங்கல் சூளை போட்டுருக்கோம்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நல்ல தமாசுதான? அது எப்படியோ சுத்திச் சுத்தி இவ காதுக்கு வந்துருச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரெண்டு நாள் பேசல. பேசாம இருந்தாளே ஒழிய, சுடுறதை நிறுத்தல.

அப்புறம் கை படிஞ்சுருச்சு. மாம்பழத்தை அப்படியே போட்டா மாவு கொழகொழன்னு ஆயிடுதுன்னு கண்டுபிடிச்சு, துண்டு போட்டு மொட்டை மாடியில வெள்ளைத் துணி விரிச்சுக் காயவச்சா. காக்காய் வராம நான் காவல். பலாச்சுளை காஞ்சுச்சு. அத்திப்பழம் காஞ்சுச்சு. மலைவாழையை மட்டும் காயவைக்காம நல்லாக் கனிய விட்டு மாவோட பிசைவா. இரும்புச் சட்டியை ஓவனுக்குள்ள வச்சு, மூடி போட்டு வேகவைப்பா. வெந்ததும் கவுத்துப் போட்டு அடியில தட்டுவா, மண்சட்டி வாங்குறப்ப தட்டிப் பாப்போம்ல, அந்த மாதிரி. சத்தம் சரியா வந்தா ஒரு சிரிப்பு.

அந்த மாம்பழ ரொட்டியை நான் தின்னுருக்கேன். லேசாப் புளிக்கும், நடுவுல நடுவுல இனிப்பாப் பல்லுல மாட்டும், மேல் தோல் மொறுமொறுன்னு. எங்க மில் கேன்டீன்ல முப்பது வருசம் பன்னு தின்ன வாயி இது, இந்த மாதிரி ஒண்ணைக் கண்டதில்ல. ஆனா நான் அவகிட்டச் சொல்லல. "பரவால்ல"ன்னு சொன்னேன். பொம்பளைங்களை ரொம்பப் புகழ்ந்தா தலைக்கு மேல ஏறிடுவாங்க. உங்களைச் சொல்லலம்மா, பொதுவாச் சொல்றேன்.

இப்ப மூடி விசயத்துக்கு வர்றேன். அதுதான் முக்கியம். 

எனக்கு எந்த மூடியா இருந்தாலும் இறுக்கி மூடணும். ஊறுகா பாட்டில், எண்ணெய் டப்பா, தண்ணிக் கேன், எதுவா இருந்தாலும் சரி. போறப்ப வர்றப்ப ஒரு திருகு திருகிட்டுத்தான் போவேன். எறும்பு வராது, நமத்துப் போகாது. கஸ்தூரிக்குக் கையில வலு பத்தாது. அதனால எங்க வீட்டுல மூடி திறக்குற ஆள் நான்தான். கல்யாணமான புதுசுலேர்ந்து அப்படித்தான். ஈரக்கையை முந்தானையில துடைச்சுக்கிட்டே வந்து நிப்பா. "இந்தாங்க, இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க"ம்பா. நான் பேப்பரை மடக்கி வச்சுட்டு, வாங்கி, ஒரே திருகு. "நான் ஒருத்தன் இல்லேன்னா நீ பட்டினிதான்டி"ம்பேன். "ஆமாமா"ன்னு வாங்கிட்டுப் போவா. சண்டை போட்டு முகத்தைத் தூக்கி வச்சுருக்குற நாள்லகூட வருவா. பேச மாட்டா, பாட்டிலை மட்டும் நீட்டுவா. நான் திறந்து குடுப்பேன். அப்புறம் எங்க சண்டை? அந்தச் செங்கல் தமாசு அன்னைக்கும் அப்படித்தான், ரெண்டு நாள் கழிச்சு வெல்லப் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டுனா. முடிஞ்சுபோச்சு.

ஆனா இந்த மாவு ஜாடியை மட்டும் மூடியை மேல சும்மா வச்சுருப்பா, திருக மாட்டா. எனக்குக் கை அரிக்கும். நான் போய்த் திருகுவேன். அவ வந்து லூசு பண்ணுவா. நான் திருகுவேன். ஒரு நாள் வெயில்ல உள்ளுக்குள்ள பொங்கி, டப்புனு மூடி பறந்து மாவு பூரா சீலிங்குல அடிச்சுருச்சு. அந்தா, அடுப்படியில இன்னும் கறை இருக்கும் பாருங்க. அன்னைக்குத்தான் கத்துனா. 

"அதுக்கு மூச்சு விடணும்ங்க. இறுக்கி மூடுனா அது எங்க போகும்?"

"மாவுக்கு என்னடி மூச்சு?"ன்னேன். ஒரு மாதிரிப் பாத்தா. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கல.

அதுக்கப்புறம்தான் அந்த போன் வந்துச்சு. அவளோட ரொட்டி ரெண்டு, அத்திப்பழம் ஒண்ணு, பலா ஒண்ணு, தெரிஞ்சவங்க மூலமா கொடைக்கானல் கெஸ்ட் ஹவுசுக்குப் போயிருக்கு. எனக்குத் தெரியும், நான்தான் பஸ்சுல ஏத்திவிட்டேன். அவங்க சாப்பிட்டுப் பாத்துட்டுக் கூப்பிடுறதாப் பேச்சு. அவ மாடியில பலாச்சுளை காயப்போட்டுக்கிட்டு இருந்தா, போன் அடிச்சுச்சு. நான் எடுத்தேன். ஒரு பொண்ணு. ரொட்டி ரொம்ப நல்லாருக்கு, வாராவாரம் வேணும், சீசன் நேரத்துல தெனமும்கூட வேணும், அக்கா மாசத்துல கொஞ்ச நாள் மேல வந்து தங்கிச் செஞ்சு குடுத்தாலும் சந்தோசம்னு படபடன்னு பேசுது.

தங்குறதா? இந்த வயசுல? என்னை விட்டுட்டா?

"அவங்களுக்கு உடம்பு முடியல, இனிமே இதெல்லாம் செய்யுறதா இல்ல, வேற ஆளைப் பாத்துக்கங்க"ன்னு சொல்லி வச்சுட்டேன். அவ நல்லதுக்குத்தாம்மா. மாவை மடிச்சு மடிச்சு வச்சு அவ மணிக்கட்டு வீங்கிருந்துச்சு. நான்தான் தைலம் தேச்சு விட்டேன். அதை யாரு பாத்தா?

என்ன அப்படிப் பாக்குறீங்க?

இருங்க. இருங்க. அன்னைக்குப் பேசுனது நீங்கதானா? வாசல்ல குரலைக் கேட்டப்பவே எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். ம். அப்படியா. சரி. அப்ப இதுல உங்களுக்கும் பங்கு இருக்கும்மா. நீங்க மறுபடி கூப்பிட்டுருக்கலேன்னா ஒண்ணும் ஆயிருக்காது.

அந்த வாரம் பூரா அவ தெனம் கேப்பா. "போன் ஏதும் வந்துச்சாங்க?" நான் "வரலையே"ன்னேன். துணி மடிக்கிறப்ப கேப்பா, சோறு போடுறப்ப கேப்பா. ஒரு நாள் அவளே, "நல்லா இல்ல போல. பலா ரொம்பத் தூக்கலா இருந்துருக்கும்"னு சொல்லிட்டுக் கண்ணைத் துடைச்சா. எனக்கு மனசு கேக்கல. பக்கத்துல உக்காந்து, "விடு கஸ்தூரி, அவங்கள்லாம் பெரிய இடம், நம்ம ரொட்டியையெல்லாம் சாப்பிடுவாங்களா"ன்னு ஆறுதல் சொன்னேன். தோள்ல சாஞ்சுக்கிட்டா. அந்த அன்னியோன்யத்தை எல்லாம் அவ உங்ககிட்டச் சொல்லிருக்க மாட்டா.

அப்புறம் நீங்க மறுபடி கூப்பிட்டீங்க. நான் கடைக்குப் போயிருந்த நேரம். "உடம்பு தேவலையாக்கா"ன்னு கேட்டீங்களாமே.

நான் பையோட உள்ள வர்றேன், இதே இடத்துல நிக்கிறா. "நீங்களா சொன்னீங்க?"ன்னா. 

"ஆமா. இப்ப அதுக்கு என்னங்கிறே?"

அழுகல. கத்தல. கத்திருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசிருப்பேன். போய் மாவைப் பிசைய ஆரம்பிச்சுட்டா. அந்தப் பிசையலைப் பாத்ததுமே ஏதோ நடக்கப் போவுதுன்னு தெரிஞ்சுபோச்சு. அவ குளிக்கப் போன நேரத்துல, ஜாடியை எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். அது இல்லாம எங்க போவா? அதுதான அவளுக்கு எல்லாம்.

காலையில பையைத் தூக்கிக்கிட்டு வந்தா. பீரோ முன்னாடி நின்னா. நான் சேர்ல உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டுருக்கேன், சாவி என் பையில. சாவியைக் குடுங்கன்னு கேப்பா, கேட்டா ரெண்டு பேச்சு பேசலாம், பேசுனா சரியாயிடும். அதுதான் என் கணக்கு. கேட்டுருந்தா குடுத்துருப்பேம்மா. சத்தியமா. ஆனா கேக்கணும்ல? கேக்காமயே பீரோவை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பாத்துட்டு, உங்க கெஸ்ட் ஹவுசுக்கே கிளம்பிப் போயிட்டா. 

மேசை மேல ஒரு ரொட்டி. மாம்பழம் போட்டது. துணியைப் போட்டு மூடி வச்சுட்டுப் போயிருந்தா. நான் தொடவே கூடாதுன்னுதான் இருந்தேன். சாயங்காலம் டீக்குத் தொட்டுக்க ஒரு துண்டு வெட்டுனேன். அப்புறம் தெனம் ஒரு துண்டு. வீணாக்கக் கூடாதுல்ல. கடைசித் துண்டு காஞ்சு கட்டையாப் போயிருச்சு, டீயில ஊறவச்சுத் தின்னேன்.

அப்ப இருந்து ஜாடிக்கு நான்தான் தீனி போடுறேன். அவ செய்யுறதைப் பாத்துருக்கேன்ல. காலையில ஒரு கரண்டி மாவை எடுத்துட்டு, புதுசா மாவும் தண்ணியும் விட்டுக் கலக்கிடுவேன். எடுத்த மாவைத் தோசை ஊத்தித் தின்னுடுவேன். புளிப்பாத்தான் இருக்கும். பழகிருச்சு. வீட்டுல வேற பேச்சுத் துணை ஏது? அதுகிட்டயே ரெண்டு வார்த்தை பேசிட்டு, மூடியை இறுக்கித் திருகி வச்சுடுவேன்.

உங்க போன் அடிக்குது. எடுங்க. அவதான? பேரு தெரியுது, கஸ்தூரி அக்கான்னு. எடுங்கம்மா, நான் ஒண்ணும் பிடுங்க மாட்டேன். ஸ்பீக்கர்ல போடுங்க. வேண்டாமா? சரி, வேண்டாம். எடுக்காமயே நின்னுபோச்சு பாருங்க.

அங்க மேல புதுசா மாவு போட்டுப் பாத்தாளாமே? குளிருக்குப் பொங்கலையாமா? சப்புன்னு கிடக்காமா? எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமைக்கு உங்களுக்கு ஆள் நிறைய வர்றாங்க, இது இல்லேன்னா அவளால முடியாது. நான் நினைச்சேன், இதுக்காகவாவது அவளே வருவான்னு. வந்து நிப்பா, ஜாடியைப் பாப்பா, திறக்க முடியாது. "இந்தாங்க"ன்னு என்கிட்ட நீட்டித்தான ஆகணும்? நான் திறந்து குடுப்பேன். அதோட முடிஞ்சுரும்னு நினைச்சேன். இப்படி உங்களை அனுப்புவான்னு நினைக்கலம்மா.

ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. அங்க அவளுக்கு மூடியெல்லாம் யாரு திறந்து குடுக்குறா? சமையல்காரப் பையனா? இல்ல, சும்மாத்தான் கேட்டேன். ராத்திரி படுத்தா இதுதான் நினைப்பு. நெய் பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு, யாரைக் கூப்பிடுறதுன்னு தெரியாம நிப்பாளேன்னு.

சரி, காப்பி போடுறேன். வேண்டாம்னு சொல்லாதீங்க, பாலு ஏற்கனவே அடுப்புல இருக்கு. ரெண்டு நிமிசம். ஜாடியைப் பாத்துக்கங்க. திறக்கணும்னு முயற்சி பண்ணி விரலைப் புண்ணாக்கிக்காதீங்க, அது உங்களால ஆகாது.

சீனி எவ்வளவும்மா? கேக்குதா? நான் பாட்டுக்கு அடுப்படியில இருந்து கத்திக்கிட்டுருக்கேன். கஸ்தூரி மாதிரி எனக்கு டிகாசன் வராது, கோவிச்சுக்காதீங்க... 

என்ன சத்தம் அது? டப்புனு? எங்கிட்டுருந்து வந்துச்சு? பக்கத்து வீட்டுல குக்கரு கேஸ்கெட் போயிருக்கும். அந்தம்மா மாத்தவே மாட்டாங்க, சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்.

இந்தாங்க, பிடிங்க. சூடு. என்ன, முகமெல்லாம் வேர்த்துருக்கு? பையை ஏன் மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க? கிளம்பணுமா? குடிங்க, குடிங்க. உங்களை நான் என்ன கட்டியா போட்டுருக்கேன்.

காப்பி கலக்குறப்ப யோசிச்சேன். இந்தப் பிள்ளை எதுக்கு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கிடந்து கஷ்டப்படணும்? தெய்வேந்திரன் கல்மனசுக்காரன்னு ஊர் சொல்லக் கூடாது. ஜாடியை எடுத்துட்டுப் போங்க. ஆமா, நெசமாத்தான். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. இது உங்களாலயும் திறக்க முடியாது, அவளாலயும் திறக்க முடியாது, அந்தச் சமையல்காரப் பையனாலயும் திறக்க முடியாது. அப்ப எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. கோவிச்சுக்காம, வீம்பு பிடிக்காம, ஒரு போன். நான் உடனே பஸ் ஏறி வர்றேன். திறந்து குடுத்துட்டு, அவ போகச் சொன்னா அடுத்த வண்டியில எறங்கிடுறேன். தங்கவெல்லாம் மாட்டேன். இதைச் சொல்லிடுங்க. இந்தா, பிடிங்க...

என்னம்மா இது?

மூடி மட்டும் கையோட வருது. ஜாடி டீப்பாய் மேலயே இருக்கு.

நான் இறுக்கி மூடிருந்தேனே. காலையில இந்தக் கையாலதான் திருகுனேன். யாரு திறந்தா? நீங்களா? அந்தச் சத்தம்... குக்கர் இல்லையா அது?

கோவிக்கலம்மா. பயப்படாதீங்க, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். பையில என்ன, காட்டுங்க. டப்பாவா? ஒரு கரண்டி மாவு. அவ்வளவுதானா? ஜாடி வேண்டாமா? ஒரு கரண்டி இருந்தாப் போதும், அங்க மாவு தண்ணி போட்டு வளத்துக்குவாளா? நான் தெனம் ஒரு கரண்டி எடுத்துத் தோசை ஊத்தித் தின்னுக்கிட்டுருந்தேனே. அப்ப தெனம் தின்னதே அவளுக்குப் போதுமானதுதானா.

எப்படித் திறந்தீங்க? உங்க கை என் கையில பாதிகூட இல்ல. 

மிக்சர் ஸ்பூனா. வாலை மூடி விளிம்புக்குள்ள விட்டு ஒரு நெம்பு. காத்து போயிடும். அப்புறம் ரெண்டு விரலு போதும். ம். இதை யாரு சொல்லிக் குடுத்தா?

அவளா?

கஸ்தூரியா சொன்னா? "அவரு இறுக்கித்தான் வச்சுருப்பாரு, ஸ்பூனை வச்சு நெம்பு"ன்னா? அங்க அவ அப்படித்தான் திறக்குறாளா? எல்லாத்தையுமா? இது எப்பக் கத்துக்கிட்டா? அங்க வந்தப்பறமா? சின்ன வயசுலேர்ந்தே தெரியுமாமா?

தெரியும்தான். தெரியாம எப்படி இருக்கும். பெட்டிக்கடைக்காரர் மகள்ல. மழைக்காலத்துல மூடியெல்லாம் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கும், இவ இடது கையில ஒரு கரண்டியை வச்சுக்கிட்டு டக்கு டக்குனு திறந்து குடுத்துக்கிட்டே இருப்பா. நான்தான் பாத்தேனே. எதிர்த்தாப்ல, சிகரெட்டைக் கையில வச்சுக்கிட்டு நின்னு நின்னு பாத்தேனே. அதைப் பாத்துத்தான ஆசைப்பட்டேன். எப்படிம்மா எனக்கு மறந்துச்சு?

அப்ப எதுக்கு அவ என்கிட்டக் கொண்டாந்து நீட்டுனா?

ஊறுகா பாட்டில், நெய் பாட்டில், சண்டை போட்ட அன்னைக்கு வெல்லப் பாட்டில். ஈரக்கையைத் துடைச்சுக்கிட்டு வந்து நின்னு, "இந்தாங்க, இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க"ன்னு. நான் பேப்பரை மடக்குற வரைக்கும் நின்னு. நான் இல்லேன்னா பட்டினிதான்டின்னு சொன்னதுக்கெல்லாம் ஆமாமான்னு தலையாட்டிக்கிட்டு. இத்தனை வருசமா எதுக்கும்மா செஞ்சா? அதை மட்டும் அவகிட்டக் கேட்டுச் சொல்றீங்களா?

வேண்டாம். நீங்க கேக்க வேண்டாம்.

உங்க போன் அடிக்குது. எடுங்க. மாவு கிடைச்சுருச்சுன்னு சொல்லுங்க, பாவம், காத்துக்கிட்டுருப்பா. நல்லாப் பொங்கிருக்குன்னு சொல்லுங்க. கிளம்புங்க, நாலு மணி வண்டி போயிடும். கேட்டு பூட்டித்தான் இருக்கு. இந்தாங்க சாவி, நீங்களே திறந்துக்கங்க. 

ஒரு நிமிசம்மா. இந்த மூடியை எப்படி வைக்கிறது? திருகாமச் சும்மா மேல வைக்கணுமா? இப்படியா? இன்னும் கொஞ்சம் லேசாவா?